குத்துமதிப்பு, வாக்குறுதி ஆன கதை

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை 1969-இல் தொடங்கியபோது, அதில் சேர்ந்த நிக்லாஸ் லூமானிடம் ஆய்வுத் திட்டம் என்னவென்று கேட்டார்கள். சமூகம் பற்றிய கோட்பாடு, காலம் முப்பது ஆண்டு, செலவு எதுவுமில்லை என்றார். 1997-இல் நூல் வந்துவிட்டது. மறு ஆண்டு அவர் இறந்துபோனார்.

இதைக் கேட்கும் எந்த மேலாளரும், “பாத்தீங்களா, வேலை தெரிஞ்சவன் சொன்னா சொன்னபடி முடிப்பான்” என்பார். மென்பொருள் தொழிலைப் பிடித்தாட்டும் மூடநம்பிக்கை இதுதான். அனுபவசாலி போடும் எஸ்டிமேட் பலிக்குமாம். பலிக்காவிட்டால் அவருக்குத் தொழில் தெரியாதாம், அல்லது அவர் சோம்பேறியாம்.

லூமானுக்கு ஏன் பலித்தது? எழுதியவர் அவர் ஒருவர். நூலில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுத்தவரும் அவரே. “பேமென்ட் வசதியும் சேத்துடுங்க, சின்ன வேலைதானே” என்று நடுவில் வந்து சொல்ல அவருக்குக் கிளையன்ட் இல்லை.

அதே பீலெஃபெல்ட் ஊரில் அளவு பலித்த இன்னொரு கதையும் உண்டு. 1891-இல் அங்கே மருந்துக்கடை வாங்கிய ஆகஸ்ட் ஓட்கர், அரைக் கிலோ மாவுக்கு ஒரு பொட்டலம் என்று பேக்கிங் பவுடரை அளந்து விற்றுப் பெரும்புகழ் பெற்றார். பவுடர் அவருக்கு முன்பே இருந்தது. அவர் சேர்த்தது அளவு. நேற்று சுட்ட கேக்கையே இன்றும் சுடுவதால் அந்த அளவு இன்றும் பொய்க்கவில்லை. மென்பொருளில் நேற்று செய்ததை யாரும் மறுபடி செய்வதில்லை, நகலெடுத்துக்கொள்கிறோம். லாகின் பக்கம் வேண்டுமா, தயாராக இருக்கிறது. அதனால் கையில் மிஞ்சுவதெல்லாம் இதுவரை செய்யாத வேலை: எழுதியவர் எப்போதோ விலகிப்போன பழைய பில்லிங் மென்பொருளோடு புதிய தளத்தை இணைப்பது போல. அதற்கு யாரும் பொட்டலம் கட்டி வைக்கவில்லை.

தொடக்கத்தில் போடும் எஸ்டிமேட் நான்கு மடங்காகவும் நீளலாம், நான்கில் ஒரு பங்காகவும் சுருங்கலாம் என்று மென்பொருள் பொறியியல் அறிஞர் பேரி போம் 1981-லேயே எழுதிவிட்டார். மூன்று மாதம் என்றால் மூன்று வாரமாகவும் இருக்கலாம், ஒரு வருடமாகவும் ஆகலாம். ஜெர்மனியின் லாரிகளுக்கான செயற்கைக்கோள் சுங்க முறை 2003 ஆகஸ்ட் 31-இல் தொடங்க வேண்டியது. தொடங்கியது 2005 ஜனவரி 1. பின்னால் நின்றவை டைம்லர்கிரைஸ்லர், டாய்ச்ச டெலிகாம் என்ற பெருநிறுவனங்கள். அவர்களுக்குத் தொழில் தெரியாது என்பீர்களா?

ஆனால் அலுவலகங்களில் நடப்பதென்ன? “குத்துமதிப்பா சொல்லுங்க, போதும்” என்பார்கள். சொன்ன எண் மறுநாள் எக்செல் தாளில் ஏறும், மறுவாரம் ஒப்பந்தத்தில் ஏறும். கெடு நெருங்கியதும் முதலில் வெட்டுப்படுவது டெஸ்டிங். இன்னும் நாலு பேரைப் போடுங்கள் என்பது அடுத்த உத்தரவு. தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று மென்பொருள் நிபுணர் ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-இல் சொன்னதை யாரும் நினைப்பதில்லை. சூடுபட்ட புரோகிராமர் அடுத்த முறை இரண்டு மடங்காகச் சொல்வார். அதைத் தெரிந்த மேலாளர் பாதியாக வெட்டுவார். இரண்டு பொய்களைக் கூட்டிக் கழித்து அதற்குத் திட்டமிடல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எஸ்டிமேட் இல்லாமல் பட்ஜெட் எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்ன நம்மவர்களுக்கு இது புதிதா? கையில் உள்ள பணம் இவ்வளவுதான் என்றால் பந்தியைக் குறைக்கிறோம், கட்டில் பீரோவைத் தள்ளிப்போடுகிறோம். இங்கும் பணத்தையும் நாளையும் இறுக்கிப் பிடியுங்கள், வசதிகளைத் தளர்த்துங்கள். இரண்டு வாரம் கட்டுங்கள், கட்டியதைப் பாருங்கள், பிறகு மறுபடி கணக்குப் போடுங்கள்.

எஸ்டிமேட் கேட்டால் இரண்டு எண்களைக் கேளுங்கள்: எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், எதுவும் கூடிவராவிட்டால் எத்தனை நாள். ஒரே எண்ணைச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.