மூளைக்குள் ஒரு காவல்படை

என் அண்ணன் மகளுக்கு ஏழு வயது. காலையில் பள்ளிக்குப் போகும்போது காரில் என் நிகழ்ச்சி ஓடும். "அத்தை பேசுறாங்க!" என்று கத்துவாள். போன மாதம் அவளுக்குச் சளிக்காய்ச்சல். மூன்றாம் நாள் இரவு உடம்பு அனலாய்க் கொதித்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க யாரு?" என்றாள்.

உடனே அவசரப் பிரிவுக்கு ஓடினோம். "வலிப்பு வந்ததா? வாந்தி எடுத்தாளா? கழுத்தைக் குனிய முடிகிறதா?" என்று மருத்துவர் கேட்டார். விடியும்வரை கவனித்துவிட்டு, "மூளை அழற்சி இல்லை, காய்ச்சல் குழப்பம்தான். ஆனால் காத்திருக்காமல் வந்தது நல்லது" என்றார்.

அவள் தேறிவிட்டாள். எனக்குத்தான் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. இத்தனை கிருமிகள் மூக்கு வழியே நுழைகின்றன. பெரும்பாலும் மூளை எப்படித் தப்பிக்கிறது?

தேடிப் படித்தேன். மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்களின் சுவர் மிக நெருக்கமானது. கண்டதையும் உள்ளே விடாது. உள்ளே 'மைக்ரோகிளியா' என்னும் காவல் செல்கள் இருக்கின்றன. நாம் கருவாக இருக்கும்போதே மூளைக்குள் குடியேறியவை. மெல்லிய கரங்களை நீட்டி மடக்கி, ஓயாமல் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்தபடி இருக்கும். கிருமி வந்தால் ரசாயன சமிக்ஞை போகும்; ரத்தத்திலிருந்து 'டி செல்கள்' வந்து சேரும்.

என்னை வியக்க வைத்தது அடுத்த கட்டம்தான். உடம்பின் மற்ற இடங்களில் டி செல்கள், கிருமி புகுந்த செல்லையே கொன்றுவிடும். தோல் செல் போனால் இன்னொன்று முளைக்கும். நரம்புச் செல் போனால் போனதுதான். எலிகளிடம் நடந்த ஆய்வுகளில், மூளைக்குள் வந்த டி செல்கள் நரம்புச் செல்லைக் கொல்லாமல், இன்டர்ஃபெரான் போன்றவற்றைச் சுரந்து கிருமியை மட்டும் அடக்கியது தெரியவந்தது. வீட்டை இடிக்காமல் திருடனை விரட்டும் வித்தை!

சில கிருமிகளிடம் இந்தக் காவல் தோற்றுப்போகிறது. நெகிரி செம்பிலானில் வளர்ந்த எனக்கு 1999 நினைவிருக்கிறது. புக்கிட் பெலாண்டோக் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலில் மயங்கி விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் நினைத்து, கொசுவுக்குப் புகையடித்தார்கள். அது நிப்பா என்ற புதுக் கிருமி என்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். அது அந்தக் காவல் சுவரையே, மூளையின் ரத்தக் குழாய்களையே தாக்கும் கிருமி. மலேசியாவில் நோயுற்ற 265 பேரில் 105 பேர் இறந்தார்கள்.

உள்ளே இருக்கும் படை தன் வேலையைச் செய்யும். வெளியே காவல் நாம்தான். காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, வலிப்பு, கழுத்து விறைப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் "காலையில் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த இரவு அண்ணியும் முதலில் அதைத்தான் சொன்னார்.