லைசென்ஸ் இல்லாத குரல்



1942 ஆகஸ்டில் பம்பாயில் உஷா மேத்தா என்ற 22 வயதுப் பெண்ணும் தோழர்களும் காங்கிரஸ் ரேடியோவைத் தொடங்கினார்கள். சிற்றலையில் 42.34 மீட்டர். லைசென்ஸ் கிடையாது. போலீசுக்குத் தப்ப வீடு மாற்றி மாற்றி ஒலிபரப்பினார்கள். முள்ளைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு, பேசுவது யார், எங்கிருந்து என்று தெரியாது. நவம்பர் 12-இல் பிடிபட்டார்கள். உஷாவுக்கு நான்கு ஆண்டு சிறை.

இப்போது ஏன் இந்தக் கதை?

2018-இல் கஜா அடித்து, நம் அதிராம்பட்டினம் இருளில் கிடந்தது நினைவிருக்கும். "கடல் ஊருக்குள்ள வருது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல். நடக்க முடியாத என் அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடல் வரவில்லை. பேசியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் அதை இன்னும் நாலு பேருக்கு அனுப்பியவன் யாரென்று தெரியும். நான்தான்.

உஷாவின் குரலுக்கும் அனுமதி இல்லை, முகவரி இல்லை. ஆனாலும் சொன்ன சொல்லுக்காகச் சிறைக்குப் போக ஆள் இருந்தது. என்னைக் கேட்டால், ஒரு குரலுக்கு லைசென்ஸ் உண்டா என்பது பெரிய கேள்வி இல்லை. பொய்யென்றால் பதில் சொல்ல ஆள் உண்டா என்பதுதான் கேள்வி.

ஃபார்வர்டு செய்யும் முன் அதைக் கேளுங்கள், பிள்ளைகளா. வாத்தியார் தாமதமாகப் படித்த பாடம் இது.