பரங்கிமலையிலிருந்து திரும்பும் பெண்கள்

மாமல்லபுரத்துக் குகையில் சிங்கத்தின் மீதேறி மகிஷனைத் துரத்தும் துர்க்கையைப் பல்லவச் சிற்பிகள் செதுக்கி ஆயிரத்து முந்நூறு வருஷங்களாகின்றன. அந்தக் கல்லுக்குக் கைகூப்பும் நமது ஜனங்கள், அங்கிருந்து சற்று வடக்கே, பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த பரங்கிமலையில் ஆயுதப் பயிற்சி பெறும் ஸ்திரீகளின் கதியைப் பற்றி விசாரிப்பதே இல்லை. 1963-ல் ஏற்பட்ட அந்த ராணுவ அதிகாரிகள் பயிற்சி ஸ்தாபனத்தில் 1992 முதல் பெண்கள் பயின்று வருகிறார்கள். தேறியவர்கள் அணிவகுத்துச் செல்லும் காட்சியைப் பத்திரிகைகள் படத்துடன் பிரசுரிக்கின்றன. காலோ முதுகெலும்போ முறிந்து, வைத்திய போர்டாரின் உத்தரவுடன் பாதியில் வீடு திரும்பும் பெண்ணை யார் படம் பிடிக்கிறார்கள்?

சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவன் பயிற்சியில் ஊனமுற்று விலக நேர்ந்தால் அவனை முன்னாள் ராணுவத்தினனாக ஸர்க்கார் ஏற்கிறது. அதிகாரியாவதற்குப் பயில்பவர் அதே விதமாக ஊனமுற்றால் அந்த அந்தஸ்து கிடையாதாம். காரணம், 'கமிஷன்' பெறுவதற்கு முன் காயம்பட்டது! உரிமைப் பென்ஷனுக்குப் பதில் கருணைத் தொகை என்ற பெயரில் ஏதோ கிடைக்கிறது. 1985 முதல் தேசீய பாதுகாப்புக் கலாசாலையிலிருந்தும் டேராடூன் ராணுவக் கலாசாலையிலிருந்தும் இவ்வாறு வெளியேறியவர்கள் சுமார் 500 பேர் என்ற செய்தி வெளிவந்ததும், 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டது. அம்மாதமே முன்னாள் ராணுவத்தினரின் வைத்திய வசதியை இவர்களுக்கும் அளிப்பதாகப் பாதுகாப்பு இலாகா அறிவித்தது. நல்லதுதான். ஆனால் அவ்விரு கலாசாலைகளிலும் 2022 வரை பெண்களே கிடையாது. முப்பது வருஷங்களுக்கு மேலாகப் பெண்கள் பயின்ற பரங்கிமலை அந்த 500-ல் சேரவில்லை.

'பெண்ணின் எலும்பு பலவீனம், அதற்கென்ன செய்வது' என்று சில மேதாவிகள் சொல்லக்கூடும். ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது என்று பார்ப்போம். அந்நாட்டுப் படையில் புதிதாகச் சேர்ந்த பெண்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இடுப்பெலும்பில் கீறல் கண்டது. உயரமான ஆண்களின் நடைக்கு ஈடுகொடுக்கக் குள்ளமான பெண்கள் காலை அளவுக்கு மீறி எட்டி வைத்ததே அதற்கு ஒரு முக்கிய காரணம். நடைவேகத்தைக் குறைத்து, அவரவர் அடியில் நடக்கவிட்டு, வேறு சில மாறுதல்களும் செய்தார்கள். 11-ஆக இருந்தது 1-க்கும் கீழே இறங்கிவிட்டதாக 1999-ல் அறிக்கை வெளியாயிற்று. பிரிட்டனிலோ 1998-ல் இதற்கு நேர்விரோதமாக, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே கடுமையான பயிற்சி என்றார்கள். இத்தகைய காயங்களால் வைத்தியக் காரணம் காட்டி விலக்கப்பட்ட பெண்கள் நூற்றுக்கு 4.6 என்பதிலிருந்து 11.1 ஆனார்கள். எலும்பு இரு தேசத்திலும் ஒன்றே, வேறுபட்டது உத்தரவு.

பயிற்சியில் தப்பி, பல வருஷங்கள் உழைத்தவர்களுக்கும் வைத்தியப் பரீட்சை தடையாக வந்தது. 2020-ல் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தர உத்தியோகம் தருமாறு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ராணுவத்தார் மறுக்கவில்லை, தேகநிலை முதல்தரமாக இருக்க வேண்டும் என்றார்கள். மனம், செவி, அவயவம், பொதுவான சக்தி, பார்வை ஐந்திலும் குறையிருக்கக் கூடாது. ஆண்களுக்கு இந்தச் சோதனை ஐந்தாம் அல்லது பத்தாம் வருஷத்தில், இளமையில் முடிந்துவிடும். பிறகு தேகம் தளர்ந்தாலும் உத்தியோகம் போகாது. பெண்களையோ அந்த வயதில் கவனிக்காமல் விட்டுவிட்டு, நாற்பது, ஐம்பது வயதில் பிள்ளை பெற்று ஓய்ந்த உடம்புடன் நிற்க வைத்துச் சோதித்தார்கள். 1942-ல் ஏற்பட்ட பெண்கள் துணைப்படையை யுத்தம் முடிந்ததும் கலைத்த வெள்ளைக்கார ஸர்க்கார்கூட இத்தகைய சாமர்த்தியத்தைக் காட்டவில்லை. 2021 மார்ச் 25-ந் தேதி, இது பாரபட்சமே என்று கோர்ட்டு சொல்ல வேண்டியதாயிற்று.

2025 மே மாதத்தில் தேசீய பாதுகாப்புக் கலாசாலையிலிருந்தும் 17 பெண்கள் தேறி வெளிவந்துவிட்டார்கள். பின்னால் வருபவர்கள் இன்னும் அநேகர். ஆகையால், செங்கற்பட்டுப் பிரதேசத்திலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றிருக்கும் அங்கத்தினர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: 1992 முதல் பரங்கிமலையிலிருந்து வைத்தியக் காரணத்தால் அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேர், என்ன காயம், இன்று மாதம் என்ன பெறுகிறார்கள் என்று சபையில் கேளுங்கள். அணிவகுப்பில் எத்தனை அங்குல அடி வைக்கச் சொல்லுகிறார்கள் என்பதையும் கூடவே கேளுங்கள்.