பன்னீர் திராட்சை: வெட்டிய பிறகு கெடுவது யாரால்?

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்துவிட்டது. பழத்துக்குக் காவல் இன்னும் விவசாயிதான். ஆனால் பல தோட்டங்களில் அறுவடையன்று வியாபாரியின் ஆட்கள் கையில் கத்தரியைக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கி நிற்கிறார். இது சரியல்ல.

மா, வாழை போல வெட்டிய பின் திராட்சை பழுக்காது. கொடியில் ஏறாத இனிப்பு கூடையில் ஏறப்போவதில்லை. விலை ஏறியிருக்கிறதென்று நிறம் வந்ததுமே வெட்டினால் புளிப்புதான் சந்தைக்குப் போகும். கொத்தின் நுனியில் உள்ள பழம்தான் கடைசியில் இனிக்கும். அதைத் தின்று பார்த்து நாள் குறிக்க வேண்டும். மேல்பழத்தை ருசி பார்த்து ஏமாறக் கூடாது.

பனி ஈரம் காய்ந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் வெட்டி முடிப்பது நல்லது. மழை பெய்திருந்தால் ஓரிரு நாள் தள்ளிப்போடலாம். வெயிலில் கிடக்கும் கொத்தில் பழத்துக்கு முன்பே காம்பு காய்ந்துவிடுகிறது. காய்ந்த காம்பில் பழம் நிற்காது. மண்டியில் பெட்டியின் அடியில் உதிரி கிடந்தால் விலையைக் குறைக்கிறார்கள். அத்தனையும் வியாபாரியின் தந்திரம் என்று ஏசுவதில் பயனில்லை.

கொத்தைக் காம்பில் பிடித்துத்தான் தூக்க வேண்டும். பழத்தின் மேலுள்ள வெண்பூச்சு அழுக்கல்ல, ஈரம் வெளியேறாமல் காக்கும் மெழுகு. அதைத் துடைப்பதும், தண்ணீரில் அலசுவதும் கெடுதி. மருந்துக் கறை தெரிகிறதே என்று கழுவுகிறவர்கள், கடைசி மருந்துக்குப் பிறகு விடவேண்டிய நாட்களை விட்டார்களா என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும். வெடித்த பழம், அழுகிய பழம் ஒன்று உள்ளே போனாலும் பூசணம் பக்கத்துப் பழங்களுக்குப் பரவும். கத்தரி நுனியால் அவற்றை நீக்கிய பிறகே பெட்டியில் அடுக்க வேண்டும். எடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் இந்த நிதானம் வராது. நாள் கூலி சற்றுக் கூடுதலானாலும் அதுவே மேல்.

குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. 0 டிகிரிக் குளிரும் 90 முதல் 95 சதவீத ஈரப்பதமும் இருந்தால் திராட்சை வாரக்கணக்கில் தாங்கும். ஆனால் நண்பகல் வரை வெயிலில் வெந்த பழத்துக்குக் கிடங்கு புதுக் காம்பு கொடுக்காது. அதற்குள் நாலைந்து விவசாயிகள் சேர்ந்து பாதையோரம் ஒரு கீற்றுக் கொட்டகை போடலாம். வெட்டியது உடனே நிழலுக்கு வரும். வெயில் தாழ்ந்த பின் லாரியில் ஏற்றலாம்.