விளிம்பிலே இறங்கி நடவுங்கள்



லிபியா தேசத்தின் தென்பகுதியில், சகாரா வனாந்தரத்தின் நடுவே, வாவ் அந்நமூஸ் என்னும் எரிமலை வாய் ஒன்று உண்டு. ஏறக்குறைய 4 கிலோமீட்டர் அகலமான அந்தப் பள்ளத்தின் நடுவில் கரிய குன்று ஒன்று எழுந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில் சிறிய உப்பு ஏரிகளும் நாணற்புதர்களும் உள்ளன. கொசுக்கள் மிகுந்த சோலை என்பதே அப்பெயரின் பொருள். சுற்றிலும் பல கிலோமீட்டர் தூரத்திற்கு எரிமலைச் சாம்பல் படிந்து, வெளிறிய பாலைமணலைக் கறுப்பாக்கியிருக்கிறது.

அங்கே செல்லத் தார்ச்சாலை இல்லை. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளில், மணலின்மேல் நெடுந்தூரம் செல்லவேண்டும். அனுபவமுள்ளவர்கள் டயர்களின் காற்றைக் குறைத்துக்கொள்வார்கள். காற்றுக் குறைந்த டயர் அகன்று படிவதால் மணலில் எளிதில் புதையாது. ஒரு வண்டி சிக்கிக்கொண்டால் இழுத்துவிட மற்றொன்று வேண்டும் என்பதால், தனி வண்டியில் செல்லமாட்டார்கள். போவதற்கும் திரும்புவதற்கும் வேண்டிய தண்ணீரையும் எரிபொருளையும் கொண்டுசெல்வார்கள். இவையெல்லாம் தங்கள் உயிரைக் காக்கும் எச்சரிக்கைகள். அந்த நிலத்தைக் காக்கும் எச்சரிக்கையோ எளிதில் மறந்துபோகிறது.

சாம்பல் மெல்லியதாகப் படிந்த இடத்தைச் சக்கரம் கிளறினால், அடியிலுள்ள வெளிறிய மணல் கோடாக மேலே வருகிறது. மழை மிக அரிதான அவ்விடத்தில் அந்தத் தடத்தை அழிப்பது எது? “மனிதர் இல்லாத இடந்தானே, யாருக்கு நஷ்டம்?” என்று சிலர் கேட்பார்கள். நான் இதற்கு உடன்படேன். நம் தெருவில் பதிந்த சக்கரத்தடம் மாலைக்குள் மறைந்துவிடும். ஆள் நடமாட்டமில்லாத நிலத்திலோ நம்முடைய ஒரு மணிநேர உல்லாசம் நெடுங்காலத் தழும்பாகிவிடும். ஆகையால், முன்சென்றவர்களின் தடத்திலேயே செல்லுங்கள். விளிம்பிலே வண்டியை நிறுத்தி, இறங்கி நடவுங்கள் என்பதே என் கருத்து. பார்க்க நமக்கு அனுமதி உண்டு; கீறிவிட்டுப் போக இல்லை.

வனாந்தரத்திலே எரிகிற முட்செடியைப் பார்க்கச் சென்ற மோசேயைத் தேவன் துரத்திவிடவில்லை. கிட்டிச் சேராதே என்றார். பாதரட்சைகளைக் கழற்றச் சொன்னார்.

பிரியமானவர்களே, இதை எழுதும்போது என் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஊழியத்தின் ஆரம்ப நாட்களில், பிள்ளையை இழந்த ஒரு வீட்டுக்கு ஆறுதல் சொல்லச் சென்றேன். “எப்படி நடந்தது? ஏன் முன்பே மருத்துவரிடம் காட்டவில்லை?” என்று கேட்டுவிட்டேன். அந்தத் தாய் பதில் பேசவில்லை. பல ஆண்டுகளுக்குப்பின், “ஐயா, அந்தக் கேள்வி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை” என்றார்கள். நல்ல நோக்கத்தோடுதான் சென்றேன். ஆனால் வண்டியோடு உள்ளே இறங்கிவிட்டேன்.

ஒருவருடைய துயரமும் ஆளரவமற்ற நிலமே. இந்த வாரம் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குச் செல்வீர்களானால், விளிம்பிலே நில்லுங்கள். அவர்கள் அழைத்தால் மெதுவாக நடந்து செல்லுங்கள். நீங்கள் திரும்பிய பிறகு அங்கே புதிய காயம் ஒன்றும் இராதிருப்பதாக. ஆமென்.