அடியின் அருமை

திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் விராலிமலை என்னும் ஊர் உள்ளது. ஆங்கு எழுந்து நிற்கும் குன்றின்மேல் ஆறுமுகப் பெருமான் மயில்மீது அமர்ந்த கோலத்தில் காட்சியளிக்கின்றார். குன்றைச் சூழ மயில்கள் திரியும். ஆடற்கலைக்கும் இவ்வூர் பெயர் பெற்றது. 'விராலிமலைக் குறவஞ்சி' என்னும் நாடகம் இவ்வூரைப் பற்றியதே. இளமையில் நாள்தோறும் இம்மலைப்படி ஏறிச் சென்று, இறைவன் திருமுன் பாடியும் ஆடியும் பணிபுரிந்த சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாளுக்கு இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

இக்குன்றில் ஏறுவோருள் படிகளை எண்ணுவோர் பலர் உளர். அப்படிகளின்மேல் வைக்கும் தம் அடிகளை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. காலைத் தூக்கினால் எழுகின்றது, ஊன்றினால் தாங்குகின்றது. வாயிற்படி தாண்டுதல், கிணற்றடிக்குச் செல்லுதல், தரையில் சம்மணமிட்டு அமர்ந்து உண்ணுதல் ஆகிய இவற்றையெல்லாம் ஒரு செயலாகவே எவரும் கருதுவதில்லை. கையில் உள்ள பொருளின் அருமை, அது கையினின்று நழுவும்போதுதான் புலப்படுகின்றது. இது மக்கள் இயல்பு. இவ்வியல்பை ஒரு பெருவிபத்து எவ்வாறு மாற்றுகின்றது என்பது ஈண்டு ஆராயத் தக்கது.

1981ஆம் ஆண்டு மே மாதத்தில், விராலிமலைக்குத் தொலைவில் அல்லாத திருச்சிராப்பள்ளிப் பகுதியில், ஒரு பேருந்து விபத்துக்குள்ளாயிற்று. அதில் பெற்றோருடன் பயணம் செய்த இளம்பெண் ஒருத்தி காலில் காயமுற்றாள். பம்பாயில் வளர்ந்த அப்பெண்ணின் பெயர் சுதா சந்திரன். குழந்தைப் பருவம் முதலே பரதம் பயின்று, மேடைகள் பல ஏறியவள் அவள். காயம்பட்ட வலக்காலில் அழுகல் நோய் பரவியது. உயிரைக் காக்கும் பொருட்டு, முழங்காலுக்குக் கீழே அக்காலை அறுத்து நீக்க நேர்ந்தது. அப்பொழுது அவளுக்கு வயது ஏறத்தாழ 16. தாளத்திற்கேற்பத் துள்ளிய கால், தரையில் ஊன்றவும் இல்லாது போயிற்று.

சுதாவின் மனம் சோர்வுற்றது. எனினும் அச்சோர்விலேயே நின்றுவிடவில்லை. செய்ப்பூரில் செயற்கைக்கால் செய்யும் மருத்துவர் பி. கே. சேத்தி என்பாரைப் பற்றி ஓர் இதழில் படித்து, அவரை நாடினாள். அம்மருத்துவரும், இராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து 1960களின் பிற்பகுதியில் உருவாக்கியதே செய்ப்பூர்க்கால் ஆகும். சேத்திக்கு 1981ஆம் ஆண்டில் மகசேசே விருது கிடைத்தது.

இக்காலின் சிறப்பை மாணவர்கள் அறிதல் வேண்டும். மேலைநாட்டுச் செயற்கைக்கால்கள் காலணி அணிந்து, நாற்காலியில் அமர்ந்து வாழ்வோருக்கென அமைந்தவை. நம் நாட்டு உழவரோ வெறுங்காலுடன் வரப்பில் நடப்பவர், சேற்றில் இறங்குபவர், குந்தி அமர்பவர், தரையில் சம்மணமிடுபவர். அவர்களுக்கு அக்கால்கள் பயன்படவில்லை. ஆகவே இரப்பரையும் மரத்தையும் கொண்டு, எப்பக்கமும் வளைந்து கொடுக்கும் பாதத்தை இவ்விருவரும் அமைத்தனர். மருத்துவரின் நூலறிவும் கைவினைஞரின் கைத்திறனும் ஒன்றுகூடி, எளிய மக்களின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து நோக்கியமையே அப்பாதத்தின் வெற்றிக்குக் காரணம். நாம் பொருட்படுத்தாத குந்தலும் நடத்தலும் அவ்விருவர் கண்களுக்கு அரும்பெரும் செயல்களாகத் தோன்றின என்க.

அக்காலைப் பொருத்திக்கொண்ட சுதா முதலில் நடக்கக் கற்றாள். பின்னர் ஆடக் கற்றாள். பழகிய அடவுகளையே புதியவை போல மீண்டும் பயில வேண்டியிருந்தது. அறுத்த இடம் உராய்ந்து குருதி கசிந்தது. எனினும் பயிற்சியை அவள் கைவிடவில்லை. 1984ஆம் ஆண்டில் பம்பாய் மேடையில் மீண்டும் ஆடினாள். அவள் வரலாறு 'மயூரி' என்னும் பெயரில் 1985ஆம் ஆண்டில் தெலுங்குத் திரைப்படமாயிற்று. அதில் அவளே நடித்துத் தேசிய விருதும் பெற்றாள். மயூரி என்பதற்கு மயில் என்பது பொருள்.

இவ்வரலாற்றைக் கேட்போர் சிலர், "விபத்தன்றோ அவளை உயர்த்தியது!" என்பர். இக்கருத்துப் பொருந்தாது. விபத்து எதனையும் கொடுப்பதில்லை, எடுத்துக்கொள்ளவே செய்கின்றது. கொடுத்தவை அவளது முயற்சியும், சுற்றத்தாரின் துணையும், சேத்தி, சர்மா ஆகியோரின் உழைப்புமே ஆகும். இவை கிட்டாமல் வீட்டு மூலையில் முடங்கியோர் எத்துணையர்! அவர்களை ஊக்கமற்றோர் எனப் பழித்தல் அறமாகாது. இடுக்கணழியாமை என ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவரும், இடுக்கணை விரும்பித் தேடுமாறு கூறினாரல்லர். வந்தவிடத்து அழியாதிருக்குமாறே கூறினார்.

இழந்ததை மீட்க இயலாதவர் நிலை யாது? இதற்கு விடையாக விளங்குபவர் ஆய்க்குடி இராமகிருஷ்ணன். பொறியியற் கல்லூரி மாணவராயிருந்த அவர், 1975ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், கடற்படை அதிகாரித் தேர்வின்பொருட்டு நிகழ்ந்த உடற்பயிற்சியில் வீழ்ந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றது. சுதாவுக்குக் கிட்டியது போன்ற மாற்றுறுப்பு எதுவும் அவருக்கு உதவ இயலாது. எனினும் 1981ஆம் ஆண்டில், தென்காசிப் பகுதியிலுள்ள தம் சொந்த ஊரான ஆய்க்குடியில், உடற்குறையுடைய குழந்தைகளுக்கென ஒரு தொண்டு நிலையம் தொடங்கினார். தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாகலின் நினைவாக அதற்கு 'அமர் சேவா சங்கம்' எனப் பெயரிட்டார். 2020ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. அவர் உடல் மாறவில்லை, நோக்கு மாறியது. "எனக்கு ஏன் இத்துன்பம்?" என்னும் வினாவோடு நில்லாது, "என்னைப் போன்றார்க்கு யார் துணை?" என்னும் வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கினார்.

ஆகவே, விபத்து மாந்தர் நோக்கை இருவகையில் மாற்றவல்லது. சிறியனவாகத் தோன்றியவை பெரியனவாகத் தெரிகின்றன. தன் துன்பத்தின் வழியே பிறர் துன்பமும் விளங்குகின்றது. இவ்விரண்டும் உயர்ந்த அறிவே. ஆயினும் அவ்வறிவைப் பெறக் காலை விலையாகக் கொடுத்தல் வேண்டுமோ? தான் சுட்டுக்கொண்டுதான் தீயை அறிவேன் என்பவன் பேதை. பிறர் கையிலுள்ள வடுவைக் கண்டே அறிபவன் அறிவுடையவன்.

மாணவர்காள்! அவ்வறிவை இன்றே பெறுதல் உங்களுக்கு எளிது. பேருந்தின் படியில் தொங்கிச் செல்லாதீர். சாலையைக் கடக்கும்போது இருபுறமும் நோக்குங்கள். விரைந்து சென்று மிச்சப்படுத்தும் ஐந்து நிமிடம், ஐம்பது ஆண்டு நடைக்கு ஈடாகாது. உங்களுடன் பயிலும் ஒருவருக்குக் கால் நடக்க இயலாதாயின், இரக்கச் சொல் மட்டும் போதாது. பள்ளிப் படியின் அருகே ஒரு சாய்தளம் அமையுமாறு ஆசிரியரிடம் எடுத்துரையுங்கள். சேத்தியும் சர்மாவும் செய்தது இத்தகைய பணியே.

விராலிமலைக்குச் செல்ல வாய்ப்புக் கிட்டினால் மெல்ல ஏறுங்கள். மலைமேல் நின்று நோக்கின் வண்டிகள் விரையும் நெடுஞ்சாலை தெரியும்; மயிலின் அகவல் கேட்கும். அவ்விடத்தே படிகளை எண்ணுவதோடு, உங்களை அங்குக் கொண்டுவந்து சேர்த்த அடிகளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.