‘ஆரம்பிச்சா விட முடியாதாமே!’

பெரிய அத்தைக்கு வயது அறுபத்திரண்டு. தைராய்டு குறைபாட்டுக்காகப் பத்து வருடமாகத் தைராக்சின் மாத்திரை. போன தை மாதம் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 2.8 என்று வந்தது. “நார்மலாதான் இருக்கு” என்றாளாம் லேபில் இருந்த பெண். அன்றைக்கே மாத்திரை பாட்டில் சாமி படங்களுக்குப் பின்னால் போய்விட்டது. சித்திரையில் நான் போனபோது முகம் உப்பி, குரல் கட்டி, கொளுத்தும் மதியத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்வைக்குள் கிடந்தார். மறுபடி எடுத்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 48.

“பார்த்தியா? இந்த மாத்திரை உடம்பைப் பழக்கிடும்னு அப்பவே சொன்னேன்” என்றார் மாமா, கேஸில் ஜெயித்தவர் மாதிரி. இருபது வருடமாக பி.பி. மாத்திரை போடுகிறவர்.

ஊரே சொல்வதைத்தான் மாமாவும் சொன்னார். ஆனால் பழக்கம் என்றால் என்ன? உடம்புக்குத் தேவைப்படாத ஒன்று உள்ளே போய், நாளாக நாளாக இன்னும் கொஞ்சம் கேட்கும். நிறுத்தினால் முன்பு இல்லாத தொல்லையெல்லாம் வரும். தைராக்சின் அப்படி வெளியிலிருந்து வந்த சரக்கில்லை. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி என்ன செய்கிறதோ, அதே மூலக்கூறு. 1914-இல் அமெரிக்காவில் கெண்டல் அதைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-இல் லண்டனில் ஹாரிங்டன் சோதனைச்சாலையிலேயே செய்து காட்டினார். மாத்திரையை விட்டதும் அத்தைக்குப் புதிதாக ஒன்றும் வரவில்லை. பத்து வருடத்துக்கு முன் முதன்முதலாக டாக்டரிடம் போனபோது இருந்த அதே உப்பல், அதே குளிர்தான் திரும்பி வந்தது.

மாத்திரையே இல்லாத காலத்திலும் இந்த நோய் இருந்தது என்பதை மாமா யோசிக்கவில்லை. 1891-இல் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், நோய் முற்றிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்த அம்மாள் எழுந்து நடமாடி, இன்னும் 28 வருடம் இருந்தார். அத்தனை வருடத்துக்கும் சேர்த்து 870 ஆடுகளுக்கு மேல் தேவைப்பட்டனவாம். அவரையும் மருந்து பழக்கிவிட்டது என்பதா?

“சுரப்பி சோம்பேறியாகிடும்” என்பதில் பாதி உண்மை உண்டு. நல்ல சுரப்பி உள்ளவர் இதைச் சாப்பிட்டால் அது ஓய்வெடுக்கும். நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி வேலைக்கு வந்துவிடும். அத்தைக்கு இருப்பதோ ஹஷிமோட்டோ. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-இல் விவரித்த நோய். உடம்பின் நோயெதிர்ப்பு அணுக்களே சுரப்பியை அரித்துவிடும். அரித்துப்போனது எங்கே சோம்பேறியாவது?

அடுத்தது அந்த ‘நார்மல்’. டி.எஸ்.எச். என்பது சுரப்பியை வேலை வாங்க மூளைக்கடியிலிருக்கும் பிட்யூட்டரி போடும் சத்தம். தைராக்சின் குறையக் குறையச் சத்தம் ஏறும். 2.8 என்றால், மாத்திரை போய்ச் சேர்கிறது, பிட்யூட்டரி நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். தண்ணீர் லாரி வந்து தொட்டி நிறைந்ததைப் பார்த்துவிட்டு ‘போரில் தண்ணி வந்துடுச்சு’ என்று லாரியை நிறுத்தினால் எப்படி? தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. ‘விட்டேன், நல்லாத்தான் இருக்கேன்’ என்ற பேச்செல்லாம் அந்த நாட்களில் வருவது.

கோஸ், காலிஃபிளவரை ஒதுக்கினால் சரியாகும் என்பவர்களுக்கு: அயோடின் போதாத உடம்பில் அவற்றை அளவுக்கு மீறித் தின்றால்தான் தொல்லை. மாத்திரையில் வரும் ஹார்மோனைக் கோஸ் பொரியல் ஒன்றும் செய்யாது. மாத்திரையால்தான் குண்டாகிறோம் என்பதும் தலைகீழ்ப் பேச்சு. ஹார்மோன் குறைந்தால்தான் எடை கூடும். அதுவும் பெரும்பாலும் உப்பும் நீரும், சில கிலோதான். மிச்சக் கிலோக்களுக்குத் தைராய்டைக் கை காட்டாதீர்கள்.

மாத்திரை சாப்பிடும் எல்லாருக்கும் அது ஆயுளுக்கும் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி பலருக்குத் தானே அடங்கிவிடும். டி.எஸ்.எச். லேசாக மட்டும் ஏறியிருந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. மாத்திரையால் அவர்களுடைய களைப்பு குறையவில்லை. தேவைக்கு மேல் போட்டால் நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும். ஆகவே ‘எனக்கு இது வேண்டுமா?’ என்பது கேட்கவேண்டிய கேள்விதான். டாக்டரிடம் கேட்கவேண்டும்.

அத்தைக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினார் டாக்டர். ஆறு வாரம் கழித்துத்தான் அடுத்த டெஸ்ட். இதற்கு முன் அத்தை மாத்திரையை ஃபில்டர் காபியோடு விழுங்கி, கையோடு கால்சியத்தையும் போட்டுக்கொண்டிருந்தார் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. இரண்டுமே மாத்திரையை உடம்பில் சரியாகச் சேரவிடாது. இப்போது பாட்டில் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் இருக்கிறது. கால்சியம் ராத்திரிக்குப் போய்விட்டது. அத்தையின் ஒரே புகார், காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கவேண்டியிருக்கிறது என்பது. மாமா எதிரிலேயே உட்கார்ந்து ஆற்றி ஆற்றிக் குடிக்கிறாராம்.